பேச்சுக்கு முந்திய பேச்சு

தொலைபேசியில் ஓர் எண்ணை அழைத்துவிட்டு, மறுமுனையில் 'ஹலோ' என்ற குரல் எழும்வரை நாம் காத்திருக்கும் சில வினாடிகளை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. பேச்சு இன்னும் தொடங்கவில்லை என்றே எண்ணுகிறோம். ஆனால் அச்சில வினாடிகளுக்குள் ஒரு முழு உரையாடல் நடந்து முடிந்துவிடுகிறது. 'இன்ன எண் வேண்டும்', 'வழி இருக்கிறதா?', 'இருக்கிறது', 'அவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறாரோ?', 'இல்லை, மணி ஒலிக்கிறது', 'இதோ எடுத்துவிட்டார்' என்று இணைப்பகங்கள் தமக்குள் பேசிக்கொள்கின்றன. இந்தப் பேச்சுக்குச் சமிக்ஞை என்று பெயர். அப்பேச்சின் இலக்கணத்தைப் புரோட்டோகால் என்பர்.

மத்திய அரசின் காரியாலயத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் புரியும் நமக்குப் புரோட்டோகால் என்ற சொல் இரண்டு வகைக் கோப்புகளில் எதிர்ப்படுவதுண்டு. அயல்நாட்டுத் தூதர் வருகையின்போது யார் முன்னே செல்வது, யார் எங்கே அமர்வது என்பது ஒன்று. தந்திக் கம்பிகளையும் கணிப்பொறிகளையும் பற்றியது மற்றொன்று. இரண்டிற்கும் 'நெறிமுறை' என்றே எழுதுகிறோம், அதில் பிழையுமில்லை. முதலில் வாய் திறப்பவர் யார், மறுமொழி எப்போது வரவேண்டும், வராவிட்டால் என் செய்வது, எவர் சொல்லை நம்பலாம் என்பவையே இரண்டிடத்தும் கேள்வி. நாம் கலை பயின்றவர்களேயன்றிப் பொறியியல் பயின்றவர்களல்லோம். ஆதலால் இந்நெறிமுறைகளைச் சில மொழிகளாகவே கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முற்காலத்தில் இது மனிதப் பேச்சாகவே இருந்தது. 'டிரங்க் கால்' பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு அது நன்கு தெரியும். ஓர் ஊர் ஆப்பரேட்டர் அடுத்த ஊர் ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு எண்ணைச் சொல்ல, அவர் செருகுக் கம்பியைச் செருகி, 'பேசுங்கள்' என்பார். 1960-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, சந்தாதாரர் தாமே எண்ணைச் சுழற்றி வெளியூருடன் பேசும் எஸ்.டி.டி. வசதி இந்தியாவில் முதன்முதலாகத் தொடங்கிற்று. ஆப்பரேட்டர்கள் இருவர் பேசிய பேச்சை அன்றுமுதல் அவ்வழியில் இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டன.

இயந்திரங்களின் முதல் மொழி மிக எளியது. சொல்லே இல்லாத மொழி எனலாம். அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் ஈமக் கிரியைத் தொழில் நடத்திவந்த அல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவர் 1891-இல் ஒரு தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இண்டியானா மாநிலத்து லா போர்ட் என்னும் ஊரில் அவ்வகை இணைப்பகம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் இம்முறை முதிர்ந்தபோது, எண் தட்டில் 5-ஐச் சுழற்றினால் கம்பியில் மின்னோட்டம் ஐந்து முறை அறுந்து அறுந்து கூடும். அதற்கேற்ப இணைப்பகத்தில் ஒரு தண்டு ஐந்து படி ஏறும்; ஏறிய தளத்தில் தானே சுழன்று, ஒழிந்து கிடக்கும் வழியொன்றைத் தேடிப் பற்றும். அடுத்த இலக்கம் அடுத்த தண்டுக்கு. இதில் ஒரு விந்தை: ஒவ்வோர் இலக்கமும் தன் தண்டை ஏற்றிவிட்டு அங்கேயே செலவாகிவிடுகிறது. ஆதலின் முழு எண்ணையும் அறிந்த உறுப்பு வழியில் ஒன்றுகூட இல்லை. நடுவில் வழி அடைபட்டிருந்தால் மாற்று வழி தேடவும் எவராலும் இயலாது. அழைத்தவர்தாம் கருவியை வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இக்குறையைத் தீர்க்க, எண்ணை முழுவதும் வாங்கிப் பதிந்துகொண்டு பிறகு வழி தேடும் இணைப்பகங்கள் வந்தன. அவை ஒன்றோடொன்று பேச இசைச்சுரங்களைக் கையாண்டன. அவற்றுள் ஆர்-2 என்னும் முறை ஐரோப்பாவிலும், சிற்சில மாறுதல்களுடன் இந்தியாவிலும் நெடுங்காலம் வழங்கிற்று. நம் நெஞ்சுக்கு மிக உகந்த முறை இதுவே என்பதை மறைப்பானேன்? முன்னோக்கிச் செல்ல ஆறு சுரங்கள், பின்னோக்கி வர வேறு ஆறு சுரங்கள். ஒரே சமயத்தில் இரண்டு சுரங்களைச் சேர்த்தே ஒலிக்கவேண்டும்; ஆறில் இரண்டைத் தெரிந்தெடுக்கப் பதினைந்து வகை உண்டு; ஆகவே பதினைந்து சொற்கள். ஒற்றைச் சுரம் மட்டும் கேட்டால் அது பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

இம்மொழியின் தனிச்சிறப்பு அதன் மரியாதை. அனுப்பும் இணைப்பகம் ஓர் இலக்கத்துக்குரிய சுரத்தைத் தொடங்கினால், மறுபக்கம் 'கேட்டேன்' என்று சுரமெழுப்பும்வரை அதை நிறுத்தாது. அம்மறுமொழி கேட்ட பிறகே முன்சுரம் நிற்கும். முன்சுரம் நின்றதை அறிந்த பிறகே மறுமொழிச் சுரமும் நிற்கும். மறுமொழியும் வெறும் தலையாட்டலன்று. 'அடுத்த இலக்கத்தை அனுப்புக', 'முன்னதைத் திரும்பக் கூறுக', 'அழைப்பவர் எவ்வகைச் சந்தாதாரர்?' என்றெல்லாம் பெறுபவரே கேட்டுக் கேட்டு வாங்குவார். கம்பி நெடியதாயினும் குறியதாயினும் பேச்சின் வேகம் தானே அதற்கு ஒத்துக்கொள்ளும். நாட்டுக்கு நாடு சில சுரங்களுக்குப் பொருள் மாறுவதுண்டு. அதை வட்டார வழக்கு என்று கொள்ளலாம்.

ஆனால் இதே மரியாதை, வழி வானத்தினூடே சென்றபோது பெருந்தடையாயிற்று. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக் கோளுக்கு ஏறி இறங்க ஒரு சொல்லுக்குக் கால் வினாடி வேண்டும். சுரம் போக, மறுமொழி வர, நின்ற செய்தி போக, மறுமொழி நின்ற செய்தி வர என நான்கு பயணம்; ஓர் இலக்கத்துக்கு ஒரு வினாடி. பத்து இலக்க எண்ணென்றால் பத்து வினாடி மௌனம். அதற்குள் அழைத்தவர் பொறுமையிழந்து கருவியை வைத்துவிட்டால் வியப்பில்லை.

இனி இதைக் காட்டிலும் பெரிய ஒரு விஷயத்துக்கு வருவோம். சுரங்கள் செல்வதும் மனிதர் பேசுவதும் ஒரே கம்பியில்தானே? கட்டளை செல்லும் வழியில் பொதுமக்களின் வாயும் இருக்கிறது. அமெரிக்க நெடுந்தூரக் கம்பிகளில், வினாடிக்கு 2,600 அதிர்வுள்ள ஒரு சுரம் கேட்டால் 'இக்கம்பி ஒழிந்து கிடக்கிறது' என்று பொருள். இலக்கங்களுக்குரிய சுரங்கள் யாவை என்பதையும் பெல் நிறுவனத்தார் 1960-இல் தம் தொழில்நுட்ப சஞ்சிகையிலேயே அச்சிட்டு விட்டனர். குழந்தைகளுக்கான தானிய உணவுப் பெட்டி ஒன்றில் இலவசமாக வந்த ஊதல் அதே 2,600 சுரத்தை எழுப்பிற்று என்பது பின்னர் தெரியவந்தது. பார்வையற்ற இளைஞரான ஜோ எங்ரேசியா என்பவர் ஊதலும் இன்றி உதட்டாலேயே அச்சுரத்தைச் சீட்டியடித்து இணைப்பகங்களை ஏமாற்றினார். 1971 அக்டோபரில் எஸ்கொயர் என்னும் பத்திரிகை இச்செய்திகளை விரிவாக வெளியிட்டதும் உலகம் அறிந்தது. ஐரோப்பியரின் ஆர்-2 முறை இதில் சற்று விழிப்பாயிருந்தது. அதன் கம்பிநிலைச் சுரம் 3,825 அதிர்வு. பேச்சுக்கு விடப்பட்ட 3,400 அதிர்வுக்கு மேற்பட்டது. சந்தாதாரர் எவ்வளவு சீட்டியடித்தாலும் அவ்வுயரத்துச் சுரம் கம்பிக்குள் ஏறாது.

முழுத்தீர்வு, கட்டளையைப் பேச்சுக் கம்பியிலிருந்து அறவே பிரித்துவிடுவதுதான். அமெரிக்காவில் 1976-இல் இம்முறை பொது வழக்கிற்கு வரத் தொடங்கிற்று. சர்வதேசத் தந்தி தொலைபேசி ஆலோசனைக் குழு 1980-இல் வகுத்தளித்த ஏழாம் எண் சமிக்ஞை முறை அதை உலகம் முழுவதற்கும் பொதுவாக்கிற்று. மனிதர் குரல் ஒரு வழியே செல்ல, இணைப்பகங்களின் கட்டளைகள் தனிப்பட்ட வேறொரு வலையில் தபால் உறைகளைப்போலச் செல்கின்றன. சுரமில்லை, தட்டுதலில்லை, முகவரியும் பொருளும் கொண்ட சிறு செய்திகள் மட்டுமே. எண்ணைத் தாங்கிய 'தொடக்க முகவரிச் செய்தி' முன்னே செல்லும். 'முகவரி நிறைவுற்றது' என்று ஒன்று திரும்பும்; எடுத்தவுடன் 'விடையளித்தார்' என்பது வரும்; முடிவில் 'விடுவி', 'விடுவித்தாயிற்று' என்னும் இரண்டு. வினாடிக்கு 64,000 துணுக்குகள் செல்லும் ஒரே பாதை, ஆயிரத்துக்கு மேற்பட்ட பேச்சுப் பாதைகளுக்கு வேண்டிய செய்தி அனைத்தையும் சுமந்துவிடும்.

இதனால் விளைந்த நன்மைகளை நாம் நாள்தோறும் துய்க்கிறோம். கொச்சியில் வாங்கிய கைப்பேசியுடன் ஒருவர் கொல்கத்தாவில் இறங்கினாலும் அழைப்பு அவரைத் தேடி வருகிறதே, அது குரல் செல்லுமுன் இணைப்பகம் அவருடைய சொந்தப் பதிவேட்டைக் கேட்டு, 'இப்போது எங்கிருக்கிறார்?' என்று தெரிந்துகொள்வதால்தான். பழைய சுரமொழியில் இத்தகைய கேள்விக்குச் சொல்லே கிடையாது.

பிரிவினால் வந்த சங்கடங்களும் உண்டு. கம்பியிலேயே சுரம் சென்ற காலத்தில், சுரம் போய்ச் சேர்ந்தது என்றால் கம்பி நலமாயிருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். செய்தி வேறு வழியே சென்றால், 'இணைத்தாயிற்று' என்ற செய்தி வந்துசேர்ந்தும் குரல்வழி அறுந்தே கிடக்கலாம். ஆகவே இணைப்பதற்கு முன் குரல்வழியில் ஒரு சுரத்தை விட்டுப் பார்க்கும் சோதனை ஒன்றை ஏழாம் எண் முறையிலும் வைக்கவேண்டியதாயிற்று. வாயிற்படி வழியே வெளியேற்றிய சுரத்தைப் பின்கதவு வழியே அழைத்துக்கொண்டது போலாம் இது.

மற்றொரு சங்கடம் 1990 ஜனவரி 15-ஆம் நாள் வெளிப்பட்டது. ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் நியூயார்க் இணைப்பகமொன்று சிறு கோளாறு கண்டு சில வினாடி ஓய்ந்து, மீண்டும் பணிக்கு வந்ததைப் பிற இணைப்பகங்களுக்குச் செய்தி வழியாக உணர்த்திற்று. அச்செய்தியைப் பதிந்துகொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தால் தடுமாறும்படி அவற்றின் நிரலில் ஒரு வரி இடம் பிசகிப் புகுந்திருந்தது. தடுமாறிய ஒவ்வொன்றும் ஓய்ந்து எழுந்து, 'நானும் வந்துவிட்டேன்' என்று அறிவிக்க, அவ்வறிவிப்பு மற்றவற்றைக் கவிழ்த்தது. 114 பெரும் இணைப்பகங்கள் ஒன்றையொன்று கவிழ்த்தபடி ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் தத்தளித்தன. கம்பி ஒன்றும் அறவில்லை. நலம் விசாரிக்கும் சொல்லே நோயாகப் பரவிற்று.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். ஏழாம் எண் முறை சந்தாதாரரின் வாயைக் கட்டளை வழியினின்றும் விலக்கியது. ஆனால் வலைக்குள் இருக்கும் இணைப்பகங்கள் ஒன்றையொன்று முழுக்க நம்பின. அக்காலத்தில் அவை பெரும்பாலும் அரசாங்க இலாகாக்களும் ஒருசில பெருநிறுவனங்களுமே. இன்றோ அவ்வலைக்குள் உலகெங்கணும் எண்ணற்ற சிறு கம்பெனிகள் நுழைந்துள்ளன. அவற்றுள் ஒன்று, 'இந்தச் சந்தாதாரர் எங்கிருக்கிறார்?' என்று வினவினால், வினவுவது யார், எதற்கு என்று பாராமல் விடை சொல்வதே அம்மொழியின் பழைய இயல்பு. 2014-இன் இறுதியில் ஜெர்மனியில் கூடிய கணிப்பொறி மாநாடொன்றில் இவ்வழியே ஒருவர் இருக்குமிடத்தைப் பின்தொடரலாம் என்று செய்து காட்டினர். 2017-இல் அந்நாட்டிலேயே, வங்கிகள் வாடிக்கையாளருக்கு அனுப்பிய இரகசிய எண்களை இவ்வழியே திருப்பிக்கொண்டு கணக்குகளில் பணம் திருடப்பட்ட செய்தி வெளியாயிற்று.

இதற்கிடையே இணையம் வந்தது. அதன்மேல் குரலைச் செலுத்த இரண்டு மொழிகள் போட்டியிட்டன. 1996-இல் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் ஹெச்.323 என்பதை வகுத்தது. 1999-இல் இணையப் பொறியாளர் குழுவினர் எஸ்.ஐ.பி. என்பதை வெளியிட்டனர், அதன் திருத்தப் பதிப்பு 2002-இல் வந்தது. முன்னது தொலைபேசி வல்லுநரின் படைப்பு. ஒவ்வொரு துணுக்குக்கும் பொருள் வரையறுத்த சுருக்கெழுத்து போன்றது. கருவியின்றி மனிதர் படிக்க இயலாது. பின்னது பல்கலைக்கழக அறிஞரின் படைப்பு. அதன் செய்திகள் சாதாரண எழுத்தில், கடிதம்போல் அமைந்தவை: யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வழியே என்று வரிவரியாக இருக்கும். அழைக்கும் சொல் 'இன்வைட்'. திருமண அழைப்பிதழுக்கும் அதே சொல்தான். மறுமொழிகளுக்கு எண் உண்டு: மணி ஒலிக்கிறது என்பதற்கு 180, எடுத்துவிட்டார் என்பதற்கு 200, வேறு பேச்சில் இருக்கிறார் என்பதற்கு 486, அப்படி ஒருவர் இல்லை என்பதற்கு 404. அழைத்தவர் 'அறிந்தேன்' என்று மூன்றாம் சொல் சொன்ன பிறகே உறவு உறுதிப்படும். மறுமொழி வராவிட்டால் அரை வினாடியில் மீண்டும் அழைக்கும். பிறகு இடைவெளியை இரட்டித்து இரட்டித்து, 32 வினாடியில் கைவிடும்.

எழுத்தில் வாழ்பவர்களாகிய நாம் எஸ்.ஐ.பி.யின் பக்கம் சாய்வது இயல்பு. ஆயினும் நடுநின்று சொல்வதானால், ஹெச்.323 துல்லியமானது, அதன் செய்திகள் குறுகியவை. தொடக்கத்தில் அது பேச்சைத் துவக்குமுன் பலமுறை போய்வர வேண்டியிருந்ததால் தாமதித்தது. அக்குறையையும் 1998-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே பெரிதும் களைந்தனர். எஸ்.ஐ.பி. எளிமையானது என்ற பெயருடன் வந்து, ஒவ்வொரு தேவைக்கும் ஓர் இணைப்பாகச் சேர்த்துச் சேர்த்து, இன்று மூலத்தைவிட உரையே பெருத்த நூலாகிவிட்டது. வென்றது என்னவோ அதுவே. 2000-இன் இறுதியில் கைப்பேசித் தரங்களை வகுக்கும் சர்வதேசக் குழு அதனைத் தெரிந்தெடுத்ததோடு போட்டி முடிந்தது எனலாம். 2016 செப்டம்பரில் இந்தியாவில் சேவையைத் தொடங்கிய ஜியோ நிறுவனத்தின் குரல் அழைப்புகள் யாவும் முதல்நாள் தொட்டே இம்மொழியில்தான் அமைந்தன.

எஸ்.ஐ.பி. குரலை இன்னும் தூரத்தில் பிரித்து வைத்தது. அது இருவரை அறிமுகப்படுத்தி, 'என் குரலை இந்த முகவரிக்கு அனுப்புக' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வீட்டிலுள்ள கருவி தன் உள்வீட்டு முகவரியையே வெளியாருக்குக் கொடுத்துவிட்டால், அழைப்பு இணைந்தது என்று காட்டும்; வினாடிகளும் ஓடும்; குரல் மட்டும் வராது. பழைய கம்பிச் சோதனை தீர்க்க முயன்ற அதே நோய்தான் இது.

அழைப்பவர் யார் என்ற வரியையும் அனுப்புபவரே எழுதுகிறார். கடித உறையின்மேல் 'அனுப்புநர்' என்று எவர் பெயரையும் எழுதலாமன்றோ? ஓய்வூதியம் பெறும் முதியவரின் கைப்பேசியில் காவல் நிலைய எண்போல் ஓர் எண் மின்னுகிறது, அவர் நம்புகிறார், சேமிப்பு போகிறது. இவ்வேமாற்றுக்குச் செலவு மிகக் குறைவு; ஊதல்கூட வேண்டாம். அமெரிக்காவில், அழைப்பை ஏற்றும் கம்பெனியே எண்ணுக்குப் பொறுப்பேற்று மறையெழுத்தால் கையொப்பமிடும் முறையைப் பெரிய கம்பெனிகள் 2021 ஜூன் 30-க்குள் கையாள வேண்டுமென்று சட்டமாக்கினர். இந்தியாவில் 2024 அக்டோபர் 22-ஆம் நாள், வெளிநாட்டிலிருந்து இந்திய எண்ணைப் பூண்டு வரும் போலி அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் அழைப்புகள் போலி என்று கண்டு நிறுத்தப்பட்டதாக அரசு அறிவித்தது.

கையொப்ப முறையை ஏன் எங்கும் பரப்பிவிடக் கூடாது என்று கேட்கலாம். இங்கேதான் நம் தொழிலுக்கு உறவான ஓர் இடம் வருகிறது. உலகின் வலைகள் இன்னும் முழுதும் எஸ்.ஐ.பி. பேசவில்லை. இந்தியாவிலும் 2ஜி கைப்பேசிகள் வழக்கில் உள்ளன. அவற்றின் பின்னே ஏழாம் எண் முறையே நிற்கிறது. இரு வலைகளும் சந்திக்கும் எல்லையில் ஒரு துபாஷி இயந்திரம் அமர்ந்து மொழிபெயர்க்கிறது. அதற்கான சொற்பட்டியலை 2002 டிசம்பரில் வெளியிட்டனர். பழைய முறையில் அழைப்பு நிறைவேறாமைக்குக் காரண எண்கள் உண்டு. 17 என்றால் வேறு பேச்சில் இருக்கிறார். அது 486 என்று ஒழுங்காக மாறுகிறது. 19 என்றால் மணி ஒலித்தும் எடுக்கவில்லை. 20 என்றால் சந்தாதாரர் எட்டும் நிலையில் இல்லை. இவ்விரண்டையும் பட்டியல் 480 என்ற ஒரே சொல்லாக்குகிறது. அது மறுபடியும் ஒரு பழைய வலையை அடையும்போது 18 ஆகிறது: அழைக்கப்பட்ட கருவியிடமிருந்து பதிலே இல்லை என்று பொருள். மணி ஒலித்தும் எடுக்காதவர் இரண்டு எல்லை தாண்டியதும் பதிலே அற்றவராகிறார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மறுபடி இந்திக்கும் போன மனுக்களைப் பார்த்திருக்கும் நமக்கு இது புதிதன்று. காரியாலயங்களில் இதற்கு மருந்து, மொழிபெயர்ப்புடன் மூலப்படியையும் இணைத்து அனுப்புவது. தொலைபேசியாரும் அதையே செய்தனர்: பழைய செய்தியை உருமாற்றாமல் அப்படியே புதிய கடிதத்துக்குள் மடித்து வைத்தனுப்பும் முறையொன்றை அதே ஆண்டு வகுத்தார்கள்.

ஆனால் புதிய மொழியின் கையொப்பத்தை மடித்து வைக்கப் பழைய உறையில் இடமில்லை. அழைப்பவர் எண்ணின் நம்பகத்தைக் குறிக்க ஏழாம் எண் முறைச் செய்தியில் இருப்பவை இரண்டே துணுக்குகள்: சந்தாதாரர் தந்தது, சரிபார்த்தது, வலையே தந்தது என்று சிலவற்றுள் ஒன்றைச் சுட்டலாம். அதைச் சுட்டுவதும் அனுப்பும் இணைப்பகமே. அதன் சொல்லை அப்படியே நம்ப வேண்டும். ஆகவே எஸ்.ஐ.பி. வலையில் முறையாகக் கையொப்பமிட்டுப் புறப்பட்ட அழைப்பும், வழியில் ஒரே ஒரு பழைய இணைப்பகத்தைக் கடந்தால் கையொப்பத்தை இழந்துதான் வந்துசேரும். அத்தகைய வலைகள் உள்ளவரை, எண்ணின் உண்மையை அழைப்புக்குள் தேடுவதைவிட நாட்டின் வாயிலில் நிறுத்திக் கேட்பதே கைகூடும் வழி. இந்திய எண்ணுடன் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பு மெய்யாக இருக்கவேண்டுமானால், அவ்வெண்ணுக்குரியவர் அந்நேரம் வெளிநாட்டில் உலவிக்கொண்டிருக்க வேண்டும். அவர் எங்கிருக்கிறார் என்பதைச் சொல்ல அவருடைய சொந்தப் பதிவேடு இருக்கிறது. அதைக் கேட்கும் சொல்லும் 1980-இன் அந்தப் பழைய வலையிலேயே இருக்கிறது.